தெளிந்த தண்ணீர் போதாது: காட்டோடையின் நலத்தைப் பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரிடம் கேட்டாலும், "ஓடைத் தண்ணிக்கு என்ன, கண்ணாடி மாதிரி கிடக்கு" என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறைக்குப் போகும் வழியில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி இறங்கும் ஒரு சின்ன ஓடை, மே மாதக் கடைசி. கீழே காசு கிடந்தால் எடுத்துவிடலாம், அவ்வளவு தெளிவு. ஆனால் இருபது கல் புரட்டியும் ஒரு பூச்சி இல்லை. ஜனவரியில் அதே இடத்தில் ஒரு கல்லுக்கு ஏழெட்டு இருந்தன. விசாரித்தால், மழைக்கு முன் ரப்பருக்கு அடிக்கும் துத்தக் கலவையை (போர்டோ கலவை என்பார்களே, அதுதான்) மேலே ஒரு தோட்டத்தில் அடித்துவிட்டு, டிரம்மையும் பம்பையும் ஓடையில் கழுவியிருந்தார்கள். துத்தத்தில் இருப்பது தாமிரம். தண்ணீரின் நிறம் மாறாத அளவிலேயே அது நீர்ப்பூச்சிகளைக் கொன்றுவிடும். ஓடையின் கதை தண்ணீரில் இல்லை, கல்லுக்கு அடியில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றித்தான்.

ஓடை என்று நான் சொல்வது இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்குள், முழங்கால் ஆழத்துக்குள், மரநிழலில் ஓடுவதை. கல்குளம், விளவங்கோடு பக்கம் தோடு என்போம். சானலுக்கும் (பாசன வாய்க்கால்) குளத்துக்கும் இந்த முறை பொருந்தாது.

எங்கே, எப்போது

முதலில் அனுமதி. நம் மாவட்டத்துக் காடுகளில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது, சுமார் 402 சதுர கிலோமீட்டர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வலை போட்டு எதையாவது பிடிப்பதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் காட்டை விட்டு ஓடை வெளியே வரும் இடத்தில், விளைகளுக்கு (தோட்ட நிலங்களுக்கு) நடுவே, நில உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. காட்டோரத்தில் போனால் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்பு இருக்கும் இடங்களில் அவர்களிடம் கேட்டாலே, எந்தக் கயம் (ஓடையில் ஆழமாகத் தண்ணீர் தேங்கும் இடம்) எப்போது வற்றும், எந்த மீன் எந்த வருடத்திலிருந்து காணோம் என்று, ஒரு வருட அளவீட்டில் கிடைக்காத விஷயம் கிடைக்கும்.

காலம் என்று பார்த்தால் சிறந்தது ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று வருடத்துக்கு இரண்டு பருவம். வெள்ளம் கல்லையெல்லாம் உருட்டிப் பூச்சிகளை அடித்துக்கொண்டு போய்விடும். பலத்த மழைக்கு அப்புறம் குறைந்தது இரண்டு வாரம் விட்டுவிட்டுப் போங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை என்று வருடத்துக்கு இரண்டு முறை போக முடிந்தால் போதும்.

இடம் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். நீங்கள் சந்தேகப்படும் இடம் ஒன்று. அதற்கு மேலே, தோட்டமும் வீடும் தொடங்குவதற்கு முன்னால், அதே ஓடையில் இன்னொன்று. மேலே உள்ளதுதான் உங்கள் அளவுகோல். அது இல்லாமல் கீழே எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

பாதுகாப்பு, கொஞ்சம் கண்டிப்பாகவே

தனியாகப் போகாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கும். சத்தம் மாறினாலோ, தண்ணீர் கலங்கி இலைதழை அதிகமாக வந்தாலோ, அந்த நொடியில் கரை ஏறிவிட வேண்டும், வலையை எடுக்கக்கூட நிற்க வேண்டாம். காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் இந்தத் தண்ணீரில் வரும். கம்பூட்ஸ் நல்லது. அட்டைக்கு உப்போ புகையிலையோ. யானை லத்தி புதிதாகக் கிடந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான், திரும்பிவிடுங்கள்.

கையில் என்ன வேண்டும்

செலவு பெரிதாக இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் டிரே ஒன்று, நெருக்கமான கண்ணுள்ள கைவலை ஒன்று (அரை மில்லிமீட்டர் கண் போதும், கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்தில் தைத்தும் செய்யலாம்), பழைய பல்துலக்கும் பிரஷ், பூதக்கண்ணாடி, தெர்மாமீட்டர், அளவு நாடா, பி.ஹெச். தாள் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டுவது), ஒரு எலுமிச்சம்பழம், நோட்டுப் புத்தகம், பென்சில். பேனா வேண்டாம், நனைந்தால் எழுத்து போய்விடும். ஆர்.ஓ. தண்ணீர் பார்க்க வீட்டில் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனா (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டுவது) இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அரை மணி நேரம்: தண்ணீரைத் தொடாமல்

இறங்காமல் கரையோடு நூறு மீட்டர் மேல்நோக்கி நடங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிவிட்டு நேரே வலையைப் போடுகிறார்கள். ஓடைக்கு என்ன நோய் என்பதில் பாதி இந்த நடையிலேயே தெரியும்.

கரையில் என்ன மரம் என்று பாருங்கள். ஞாவல், நீர்மருது, புங்கு, கைதை (தாழை), மூங்கில் என்று கலந்து இருந்தால் வேர்கள் கரையைப் பிடித்து வைத்திருக்கும், இலையும் பழமும் வருடம் முழுக்க விழுந்து ஓடைக்குச் சாப்பாடு போடும். இருபக்கமும் ரப்பர் மட்டும் என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் எல்லா இலையும் ஒரேயடியாகக் கொட்டும், அந்த வாரங்களில் ஓடைமேல் நேரே வெயில் விழும். ரப்பரை வெட்டிவிட்டுப் புதிதாகக் கன்று வைத்து நடுவே அன்னாசி போட்டிருக்கும் சரிவுகள்தான் என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட மோசம். மண் மூடாமல் கிடக்கிறது, ஒரு மழையில் செம்மண் முழுக்க ஓடைக்குள். உண்ணிச்செடி (லாண்டானா என்ற அயல் களைச்செடி) மட்டுமே அடைத்துக் கிடந்தால் அதையும் எழுதுங்கள்.

நிழலை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. உள்ளங்கை அளவு கண்ணாடியில் மார்க்கரால் பதினாறு கட்டம் போட்டு, ஓடை நடுவில் இடுப்பு உயரத்தில் மட்டமாகப் பிடித்து, இலை தெரியும் கட்டங்களை எண்ணுங்கள். பதினாறில் பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் நல்ல நிழல். ஐந்து இடத்தில் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

அப்புறம் ஓடையின் வடிவம். நலமான ஓடை ஒரே மாதிரி ஓடாது. கல்லில் மோதி வெள்ளையாகப் பாயும் இடம், அமைதியான கயம், மறுபடி பாய்ச்சல் என்று மாறி மாறி வரும். விழுந்த மரம் குறுக்கே கிடந்தால் அதை அழுக்கு என்று நினைக்காதீர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் மரங்கள் கணக்கில்லாமல் சாய்ந்தன, ஓடைகளிலும் விழுந்தன. அப்படிக் கிடக்கும் தடிக்குப் பின்னால் மணல் தங்கும், இலை தங்கும், மீன்குஞ்சு ஒதுங்கும். சுத்தம் செய்கிறோம் என்று ஜே.சி.பி. வைத்து எல்லாவற்றையும் வாரிவிட்டு ஓடையை நேராக்கியிருந்தால், அதுதான் உண்மையான சேதம்.

தண்ணீரும் அடித்தரையும்

இப்போது இறங்கலாம். கீழிருந்து மேலாக வேலை செய்யுங்கள், மேலே மிதித்துக் கலக்கினால் கீழே பார்க்க எதுவும் இருக்காது.

வாசனை முதலில். ஈர மண், இலை வாசனை சரி. புளித்த வாடையோடு தண்ணீரில் லேசான வெள்ளை இருந்தால் மேலே எங்கோ ரப்பர் ஷீட் அடிக்கிறார்கள் என்று அர்த்தம். ரப்பர் பால் உறைய ஊற்றும் பார்மிக் ஆசிட் கலந்த கழிவுநீர் அது. நம் மலைப்பாறையில் சுண்ணாம்பு அதிகம் கிடையாது, அதனால் ஓடைத் தண்ணீருக்கு அமிலத்தைத் தாங்கும் சக்தி குறைவு, கொஞ்சம் விழுந்தாலும் பி.ஹெச். சட்டென்று இறங்கும். தாள் 6.5-க்குக் கீழே காட்டி, மேலே உள்ள இடத்தில் அப்படிக் காட்டவில்லை என்றால் நடுவில் ஏதோ கலக்கிறது. டி.டி.எஸ். பேனாவிலும் எண்ணைவிட வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். மலையோடையில் பொதுவாக நூறுக்குக் கீழே நிற்கும். மேலே 30, கீழே 90 என்று வந்தால், 90 குடிக்க நல்ல எண்தானே என்று விட்டுவிடாதீர்கள், நடுவில் நுழைந்தது என்ன என்று தேடுங்கள்.

தேங்கிய ஓரத்தில் எண்ணெய் படிந்த மாதிரி பளபளப்பு தெரிந்தால் உடனே டீசல் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு குச்சியால் குத்துங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து துண்டு துண்டாகப் பிரிந்தால் அது இரும்பைத் தின்னும் பாக்டீரியா, நம் செம்மண்ணில் இது சாதாரணம். குச்சி போன தடம் உடனே மூடிக்கொண்டால்தான் எண்ணெய். நுரையும் இப்படித்தான்: இலை ஊறிய நுரை பழுப்பாக இருக்கும், மண் வாசம் அடிக்கும், வெள்ளை வெளேரென்று சோப்பு வாசம் அடித்தால் மேலே துணி துவைக்கிறார்கள்.

வெப்பநிலையை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில், அல்லது அரை மணி இடைவெளிக்குள் எடுங்கள். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் அது ஏழரைதான். நிழல் போன ஓடையில் பூச்சி குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். குளிர்ந்த நீருக்குப் பழகியவை முதலில் போய்விடும். ஆக்சிஜன் அளக்கும் கிட் கிடைத்தால் நல்லது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தகுந்த நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு 6 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, குளிக்க 5.

ஓட்டத்தை அளக்கத்தான் எலுமிச்சம்பழம். அது பாதி முங்கி மிதக்கும்; ரப்பர் கொட்டை இலேசு, காற்று தள்ளிவிடும். நேராக ஓடும் 5 மீட்டரை அளந்து, பழம் கடக்கும் நேரத்தை மூன்று தடவை எடுங்கள். 20 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 0.25 மீட்டர். அடித்தண்ணீர் கல்லில் உரசி மெதுவாகப் போகும் என்பதால் 0.8-ஆல் பெருக்கி 0.2. அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 10 சென்டிமீட்டர் என்றால் 2 × 0.1 × 0.2 = 0.04 கன மீட்டர், அதாவது வினாடிக்கு 40 லிட்டர். வருடா வருடம் இதே பிப்ரவரியில் இந்த எண் குறைந்துகொண்டே வந்தால், மேலே ஹோஸ் போட்டு எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அடித்தரையில் பார்க்க வேண்டியது வண்டல். முஷ்டி அளவு கற்களைப் பத்து எடுங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு புதைந்திருக்கிறது என்று எழுதுங்கள். பூச்சிகள் குடியிருப்பது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்தில். செம்மண் வந்து அந்தச் சந்தை அடைத்துவிட்டால் வீடு போன மாதிரி. பாதிக்கு மேல் புதைந்த கற்கள் அதிகம் என்றால் பிரச்சினை மேலே இருக்கும் சரிவில். கல்லின் மேல் மெல்லிய பழுப்பு வழுவழுப்பு இருக்க வேண்டும், அது பலருக்கும் உணவு. நீளமான பச்சை நூல்பாசி முடி மாதிரி ஆடினால் வெயிலும் உரமும் சேர்ந்து வருகின்றன.

கல்லுக்கு அடியில்

நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

பாய்ச்சலில் வலையை அடித்தரையோடு ஒட்டிப் பிடித்து, வலைக்கு மேல்பக்கம் ஓர் அடி தூரத்தில் காலால் கல்லையும் மணலையும் ஒரு நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். பெயர்ந்ததெல்லாம் ஓட்டத்தோடு வலைக்குள் வரும். மூன்று இடத்தில் இப்படி. பிறகு பெரிய கல் பத்து எடுத்து, வலைக்கு முன்னால் வைத்து பிரஷால் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். தேங்கிக் கிடக்கும் இலைக்கூளத்தையும் ஒரு கைப்பிடி அள்ளி அலசுங்கள், அதில் இருப்பவை வேறு ஆட்கள். எல்லாவற்றையும் ஓடைத் தண்ணீர் ஊற்றிய வெள்ளை டிரேயில் கொட்டிவிட்டு, இரண்டு நிமிடம் கை வைக்காமல் காத்திருங்கள். முதலில் வெறும் குப்பைதான் தெரியும். அப்புறம் குப்பை நடக்க ஆரம்பிக்கும்.

யார் யார் என்று பார்ப்போம். இவற்றில் பலவற்றுக்கு நம்மிடம் புழக்கத்தில் பெயர் இல்லை, அதனால் உருவத்தை வைத்தே சொல்கிறேன். குஞ்சு என்பது பறக்கும் பூச்சியின், தண்ணீரில் வாழும் இளம்பருவம்.

ஸ்டோன்ஃபிளை குஞ்சு: வால் இரண்டு, ஒவ்வொரு கால் நுனியிலும் இரண்டு நகம், உடம்பில் மஞ்சளும் கறுப்புமாகக் கோலம். இதைக் கண்டால் எனக்கு அன்றைய நாள் நல்ல நாள். ஆக்சிஜன் நிறைந்த, ஓடும், குளிர்ந்த தண்ணீர் இல்லாமல் இது வாழாது. டிரேயில் விட்டு வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் தண்டால் எடுக்கிற மாதிரி உடம்பை மேலும் கீழும் ஆட்டும். விளையாட்டு இல்லை, மூச்சு முட்டுகிறது, செவுளுக்கு மேல் புதுத் தண்ணீர் போக வைக்கப் பார்க்கிறது. உடனே நிழலுக்கு மாற்றி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

மேஃபிளை குஞ்சு: பெரும்பாலும் வால் மூன்று, வயிற்றின் இருபக்கமும் இலை மாதிரிச் செவுள் துடிக்கும். கல்லில் தட்டையாக ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவுவதும் உண்டு, மீன்குஞ்சு மாதிரி துள்ளி நீந்துவதும் உண்டு. கேடிஸ்ஃபிளை புழு: மணலையும் இலைத்துணுக்கையும் பட்டு நூலால் ஒட்டித் தனக்கு ஒரு சட்டை தைத்துக்கொள்ளும். டிரேயில் ஒரு குச்சித் துண்டு தானாக நகர்ந்தால் அதுதான். கல்லில் காசு ஒட்டின மாதிரி வட்டமாக ஒரு பூச்சி இருக்கும், ஒரு வகை வண்டின் இளம்பருவம், நகத்தால் கிளப்பினால்தான் அடியில் கால் தெரியும். இவை எல்லாம் அழுக்கைத் தாங்காதவை.

நடுத்தரம்: தும்பி, ஊசித்தும்பிக் குஞ்சுகள், நண்டு, சிப்பி, கல்லிடுக்கில் வலை பின்னி உட்காரும் வகைக் கேடிஸ்ஃபிளை. எதையும் தாங்குபவை: சிவப்பு இரத்தப்புழு, மண்புழு மாதிரி மெல்லிய நீர்ப்புழு, அட்டை, மேலே வந்து காற்று வாங்கும் நத்தை, கல்லில் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும் கறுப்பு ஈயின் புழு. இவை இருப்பது தவறில்லை, நல்ல ஓடையிலும் இருக்கும். இவை மட்டுமே இருந்தால்தான் கவலை.

மதிப்பெண் போட ஒரு பழைய, எளிய முறை, அமெரிக்காவில் ஐசக் வால்டன் லீக் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் பயன்படுத்துவது: தாங்காத வகை ஒவ்வொன்றுக்கும் 3, நடுத்தரத்துக்கு 2, தாங்குபவைக்கு 1. எத்தனை பூச்சி என்பது இல்லை, எத்தனை வகை என்பதுதான் கணக்கு. 22-க்கு மேல் மிக நன்று, 17 முதல் 22 வரை நன்று, 11 முதல் 16 வரை சுமார், அதற்குக் கீழே மோசம். இந்த எல்லைகள் அவர்கள் ஊர் ஓடைக்குப் போட்டவை, அப்படியே நம் ஓடைக்குத் தீர்ப்பாக வைக்கக் கூடாது. மேல் இடத்துக்கும் கீழ் இடத்துக்கும், போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே 21, கீழே 9 என்றால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

ஒரு எச்சரிக்கை. தண்ணீரும் கரையும் நிழலும் நன்றாக இருந்து, பூச்சியும் மீனும் ஒன்றுமே இல்லாமல் இருந்தால், யாரோ நஞ்சு கலக்கியோ வெடி போட்டோ மீன் பிடித்திருக்கலாம். பிளீச்சிங் பவுடர், துத்தம், தோட்டா என்று எது போட்டாலும் சாவது மீன் மட்டும் இல்லை. கயத்தின் அடியில் செத்த நண்டு கிடக்கிறதா என்று பாருங்கள்.

பூச்சியைத் தாண்டி

கால் மணி நேரம் கரையில் அசையாமல் உட்காருங்கள். பாறையைக் கவ்விக்கொண்டு நிற்கும் கல்லொட்டி, மணலில் அயிரை, கயத்தில் தலைப்பிரட்டைக் கூட்டம், பச்சை மினுக்கும் இறக்கையை விரித்துக் கல்லில் உட்காரும் ஊசித்தும்பி, சீட்டியடிக்கும் சீகாரப் பூங்குருவி: இவை ஒவ்வொன்றும் ஒரு வரி. அந்தக் குருவி நண்டையும் தவளையையும் பூச்சியையும் தின்று வாழ்வது, ஆகவே அது இருந்தால் அவையும் இருக்கின்றன. கப்பியும் ஜிலேபியும் மட்டுமே திரிந்தால் அதையும் எழுதுங்கள், அவை வெளியிலிருந்து வந்தவை.

எழுதுவதும், அதற்கு அப்புறமும்

தேதி, நேரம், கடைசியாக மழை பெய்தது எப்போது, யார் யார் போனீர்கள், ஒவ்வொரு எண்ணும், ஒரே இடத்தில் நின்று மேலும் கீழும் பார்த்து ஒவ்வொரு படம். படத்துக்கு நிற்கும் பாறையில் அடையாளம் வெட்ட வேண்டாம், பக்கத்து மரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். பூச்சிப் படங்களை ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் மாதிரி இணையதளங்களில் போட்டால் பெயர் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

மோசமாக வந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை எடுங்கள். அப்புறம் மேலே நடந்து போய் எந்த இடத்தில் மதிப்பெண் விழுகிறது என்று தேடுங்கள். நூறு நூறு மீட்டராகப் போனால் குழாயோ, கழுவும் இடமோ, சரிந்த கரையோ கண்ணில் படும். முதலில் அந்த நிலத்துக்காரரிடம் டிரேயைக் காட்டிப் பேசுங்கள். துத்தம் டிரம் கழுவிய தோட்டத்தில் நான் அப்படித்தான் செய்தேன். மேல் இடத்து டிரேயையும் கீழ் இடத்து டிரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், வேலைக்கு வந்தவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த வருடம் கரையிலிருந்து தள்ளி ஒரு குழி வெட்டி அதில் கழுவினார்கள். பேசியும் நடக்கவில்லை என்றால் ஊராட்சி, வனத்துறை, நாகர்கோவிலில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். வெறும் புகாராகக் கொடுக்காமல் இரண்டு வருட எண்களோடும் படத்தோடும் கொடுங்கள்.

கிளம்பும் முன், டிரேயில் உள்ளவற்றை எடுத்த இடத்திலேயே தண்ணீரோடு மெதுவாகச் சாய்த்துவிட்டு, புரட்டிய கற்களை எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கமே கீழாகத் திருப்பி வையுங்கள். வலையையும் பூட்ஸையும் வீட்டில் நன்றாகக் கழுவி வெயிலில் காயப் போட்டுவிட்டுத்தான் வேறு ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும், ஒரு ஓடையின் நத்தையும் நோயும் அடுத்த ஓடைக்கு நம் காலோடுதான் போகின்றன.